எனக்கு முந்தி வரும் பதில்

1

“...வாயப் பொத்திக்கிட்டு இரிங்க எண்டு அந்தக் கொமினிகேஷன்காரர் மூணு தரம் சொன்னாருதான், நான் இல்லெண்டு சொல்லல்ல ராத்தா. ஆனா புள்ள உம்மா எண்டு கூப்பிட்டா, வாய் என்ன நம்மளக் கேட்டா தொறக்கிற?”

இப்படிக் கேட்டவள் என் தங்கச்சி நஸீஹா. இடம், சாய்ந்தமருதில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் அவளுக்குக் கிடைத்த வீடு. காலம், யுத்தம் முடிந்த வருஷத்து ஓகஸ்ட் விடுமுறை. பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டுப் பாயில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: அவள், நான், என் மகள் ஸஹ்ரா. எங்களுக்கு நடுவில் ஸஹ்ராவின் பேசும் மெஷின் கிடந்தது.

இதைச் சொல்லி முடித்த கையோடு நஸீஹா ஒரு காரியம் செய்தாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரே அதையே சொன்னால் இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். எங்கள் உம்மா சொல்வா, “கறி கைச்சா அடுப்பப் பாக்காத, மீன் ஆஞ்ச கையப் பாரு” என்று. ஆகவே மீன் ஆய்ந்த இடத்திலிருந்து வருகிறேன்.

2

ஸஹ்ராவுக்கு ஒன்பது வயது. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் விளங்கும். பகிடி விட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். சொல் மட்டும் வராது. இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் நகரத்து டொக்டர்மார் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். என் கணக்கில், சொல் அவளுடைய வாய் வரைக்கும் வருகிறது, வாசற்படியைத் தாண்டமாட்டேன் என்கிறது.

அந்தப் பிள்ளைக்கு வாய்த்த உம்மாவைப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தைக் கல்முனைச் சந்தையிலும் கல்யாண வீடுகளிலும் படித்தேன். மீன் விற்கிறவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழுந்தாலும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்து ஆசனத்துக்காரியின் மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுவேன். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரி ஒருத்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள், “உம்மாக்காரி ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைச்சி முடிச்சிட்டா, புள்ளைக்கி என்ன மிச்சம் இரிக்கி?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல சொல்தான், மறுக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் குத்தியது.

இங்கே காலையில் எட்டரைக்குப் பள்ளிக்கூட வான் வாசலில் வந்து நிற்கும். ஸஹ்ராவை ஏற்றிவிட்டு, மூத்தவன் இம்ரானின் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடப்பேன். அங்கே நிற்கும் தாய்மார் பிள்ளைகளின் பேச்சைப் பற்றித்தான் குறைசொல்வார்கள். எதிர்த்துக் கதைக்கிறான், பொய் சொல்கிறாள், கேட்டதையே கேட்டு உயிரை எடுக்கிறாள். நான் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் என்னைப் பார்த்து எரிச்சல்படுவது எனக்குத் தெரியும். பவுண் காசு, இலவச வைத்தியம், வாசலுக்கு வரும் வான். படுங்கள். எனக்கு உங்கள் வீட்டுச் சத்தத்தில்தான் எரிச்சல்.

பேசும் மெஷின் கையில் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஓர் அலுவலகம் இது சுகாதாரம் என்றது, மற்ற அலுவலகம் இது கல்வி என்றது. இரண்டுக்கும் நடுவில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஹெலன் கொண்டுவந்து தந்தா. ஹெலன், பள்ளிக்கூடத்தின் பேச்சுப் பயிற்சி ஆசிரியை. மெஷின் ஒரு பெரிய பள்ளிக்கூடக் கொப்பி அளவு. முகம் கண்ணாடி. அதில் படம் போட்ட கட்டங்கள். தொட்டால் அந்தப் படத்தின் சொல்லைச் சொல்லும். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற மாதிரி ஓர் ஆங்கிலப் பெண்குரல். ஒரு கிழமைக்குள் என் மகள் அந்தக் குரலில் ஜூஸ் கேட்டாள், ‘பிளீஸ்’ போட்டு. என் குசினியில், என் மகளுக்கும் எனக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்று மொழிபெயர்க்கிற மாதிரி இருந்தது.

இம்ரானுக்கு அப்போது பதின்மூன்று. அவன் என்னை ‘மம்’ என்றுதான் கூப்பிடுவான். “உம்மா எண்டு சொல்லு மகன்” என்றால், “ரெண்டும் ஒண்டுதானே மம்” என்பான். அவனைக் கோபிக்கவும் முடியாது, நியாயமாகத்தான் சொல்கிறான். ஆனால் அந்த வீட்டில் உம்மா என்று என்னைக் கூப்பிட ஆள் இல்லை என்பதும் நியாயம்தானே?

அதனால் ஹெலன் ஒரு நாள், “வீட்டு மொழியும் இதில் இருக்க வேண்டும், தமிழ்ச் சொற்களைப் பதிவு செய்து போடலாம்” என்றபோது, நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைவிட இதற்கு யார்?

ஹெலன் தயவாகத்தான் சொன்னா. “அது உங்கள் குரல். அவளுக்கு அவள் வயதுப் பிள்ளையின் குரல் வேண்டும். உங்கள் குரலை வைத்துக்கொண்டு அவள் எப்படி உங்களோடு சண்டை பிடிப்பாள்?”

வாயால் வாழ்ந்தவளுக்கு வாய்க்கு வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

3

நஸீஹாவின் மகள் ஸுமையா, ஸஹ்ராவுக்கு அரை வயது மூத்தவள். எங்கள் குடும்பத்து வாய் அப்படியே அவளிடம் போயிருக்கிறது. தொலைபேசி எடுத்தால் நஸீஹாவின் முதல் முறைப்பாடே அவளைப் பற்றித்தான். “இவட வாயால எனக்குத் தலையிடி ராத்தா. தூக்கத்திலயும் ஓயாமக் கதைக்காள். பக்கத்து ஊட்டுக் கோழி முட்ட போட்டாலும் இவ வந்து சொன்னாத்தான் அதுக்கு முட்ட.” நான் “மாஷா அல்லாஹ்” என்பேன். மனதில் இருந்தது வேறு. அந்தத் தலையிடியை ஒரு நாளைக்கு எனக்கு அனுப்பிப் பாரடி, நான் மாத்திரை போடாமல் கிடந்து காட்டுகிறேன்.

இப்படி எரிச்சல்பட எனக்கு உரிமை இல்லை என்று எனக்கே தெரியும். நஸீஹாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு கடலைப் பார்த்த வீடு. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. கடைசிப் பிள்ளை ரிஸ்லானையும் கொண்டுபோனது. அவனுக்கு மூன்று வயது. எங்கள் தெருவில் கடல் ஓடியதை நான் இங்கே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸஹ்ரா என் மடியில் இருந்தாள்.

மாதக்கணக்கில் அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். அங்கே பழகிய ஒரு பழக்கத்தை நஸீஹா பிறகு ஒரு தரம் சொன்னாள். அத்தனை குடும்பமும் ஒரே மண்டபத்தில். எங்காவது ஒரு பிள்ளை உம்மா என்று அழும். யாருடைய பிள்ளை என்று தெரியாது, தாய் இருக்கிறாளா என்றும் தெரியாது. “யார்ட புள்ளயெண்டு பாக்கிறல்ல ராத்தா. கேட்ட உடனே பதில் சொல்லிப் போடுற. ஆள் இரிக்கெண்டு தெரிஞ்சாத்தான் புள்ள அடங்கும்.” ஒரு பிள்ளை கூப்பிட்டால் பத்து வாய் பதில் சொல்லுமாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வாய்தான் முந்துமாம்.

சுனாமிக்குப் பிறகு நாலாவது வருஷம்தான் மெஷினுக்கு ஸுமையாவின் குரலைக் கேட்டேன். ஹெலன் தந்த சொற்களை நான் தமிழாக்கித் தொலைபேசியில் சொன்னேன். ‘தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்’ என்றதும் நஸீஹா சிரித்தாள். “இது என்னகா, அரசாங்கக் கச்சேரியில மனுக் குடுக்கிற மாதிரி? சொந்த உம்மாட்ட எந்தப் புள்ள இப்பிடிக் கேக்கும்? நீ போன வை, நான் எங்கட மாதிரிச் செஞ்சி அனுப்புறன்.”

பெரிய ரோட்டில் ஒரு கொமினிகேஷன் கடை. வெளிநாட்டுக் கோல் எடுக்கவும் ஈமெயில் அனுப்பவும் ஊரில் எல்லோரும் போகிற கடைதான். கோல் கதைக்கிற பலகைக் கூட்டுக்குள் தாயும் மகளும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஸுமையா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், கடைக்காரர் வெளியே கம்பியூட்டரில் பதிந்தார். தண்ணி. பசிக்கி. போதும். நோகுது. அங்க போவம். பட்டியலில் இல்லாத ஒன்றையும் நஸீஹா சேர்த்துவிட்டாள்: ‘சும்மா கிட.’ அது இல்லாமல் ஒரு பிள்ளை எப்படி வீட்டில் காலம் தள்ளும் என்பது அவள் வாதம்.

‘உம்மா’ வந்தபோதுதான் சிக்கல். கூட்டுக்குள் ஸுமையா தன் தாயின் முகத்தைப் பார்த்து “உம்மா!” என்றாள். நஸீஹாவின் வாய், “என்னடா கிளி?” என்றது. கடைக்காரர் கதவைத் தட்டி, “வாயப் பொத்திக்கிட்டு இரிங்க புள்ள” என்றார். திரும்ப, “உம்மா!” திரும்ப, “என்னடா கிளி?” மூன்றாம் தரமும் அதுதான். கரண்ட் போகிற நேரம் வந்துவிட்டது, மனிதர் இருந்ததை இருந்தபடி அனுப்பிவிட்டார்.

4

ஹெலன் அவற்றை மெஷினில் ஏற்றிக் கொண்டுவந்தா. ‘தண்ணி’க்குப் பின்னால் ஒரு காகம் கத்தியது. ‘போதும்’ முடிவதற்குள் ஓட்டோ ஒன்று கோர்ன் அடித்தது. ‘சும்மா கிட’ என்றால் என்ன என்று ஹெலன் கேட்டா. ‘தயவுசெய்து என்னைச் சற்றுத் தனியாக விடுங்கள்’ என்றேன். “எவ்வளவு முதிர்ச்சியான சொல்!” என்று எழுதிக்கொண்டா.

உம்மா என்ற கட்டத்தில் என் படத்தைப் போட்டிருந்தார்கள். ஸஹ்ரா தொட்டாள்.

“உம்மா!”

எத்தனை வருஷம் காத்திருந்த சொல். நான் வாயைத் திறப்பதற்குள் மெஷினுக்குள் இருந்து, “என்னடா கிளி?”

ஸஹ்ராவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண் இரண்டும் விரிந்தது. கூப்பிட்டால் ஆள் வருகிறது! திரும்பத் தொட்டாள். திரும்பப் பதில். கைகொட்டிச் சிரித்தாள். அன்று முழுக்க அதுதான். படம் என்னுடையது, குரல் ஸுமையாவுடையது, பதில் நஸீஹாவுடையது. எனக்கு மிஞ்சியது கூலியில்லாத முகம்.

முதல் இரண்டு நாள் நானும் சிரித்தேன். பிறகு குசினியில் நிற்கும்போது உம்மா என்று கேட்கும். அடுப்பைக் குறைத்துவிட்டு அகப்பையோடு ஓடுவேன். நான் கதவடிக்குப் போவதற்குள் என் தங்கச்சி ஐயாயிரம் மைல் தாண்டி வந்து பதில் சொல்லிவிட்டிருப்பாள். ஸஹ்ரா என்னை நிமிர்ந்தும் பார்க்கமாட்டாள், மெஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். “ஸஹ்ரா, உம்மா இஞ்ச நிக்கன்” என்பேன். விரல் கட்டத்துக்குப் போகும். “என்னடா கிளி?” அந்தக் குரலில் இருந்த இனிப்பு என் குரலில் இல்லை. நான் போட்டி போட்டுச் சொல்லிப் பார்த்தேன். இம்ரான் மேசையில் இருந்து பார்த்துவிட்டு, “மம், நீங்க மெஷினோட ரேஸ் ஓடுறீங்க” என்றான்.

பிள்ளையை இழந்தவள், வீட்டை இழந்தவள், அவளிடம் வாயாடி மகள் ஒருத்தி மிச்சம். எனக்கு வரும் ஒரு ‘உம்மா’வையும் அவளே எடுத்துக்கொள்ள வேண்டுமா? மனம் இப்படித்தான் கேட்டது. பொறாமைக்குக் கண் இருக்கும், கணக்கு இருக்காது.

ஹெலனிடம் அந்தப் பதிலை வெட்டச் சொன்னேன். “அவசரப்பட வேண்டாம். கூப்பிட்டால் பதில் வரும் என்று இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள்” என்றா. நான் விடவில்லை. வெட்டினார்கள். சத்தம் துப்புரவாக இருந்தது: “உம்மா.” அவ்வளவுதான்.

ஸஹ்ரா தொட்டாள். காத்திருந்தாள். மெஷினைக் காதில் வைத்துப் பார்த்தாள். “என்னடா கிளி?” என்றேன் நான், பக்கத்திலேயே நின்று. அவள் என் முகத்தைத் தள்ளிவிட்டு மெஷினைக் குலுக்கினாள், உள்ளே யாரோ உறங்கிப்போன மாதிரி. பிறகு அழுதாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தை அவள் தொடவே இல்லை. தண்ணி கேட்பாள். போதும் என்பாள். என்னைப் பார்த்துச் ‘சும்மா கிட’ என்பாள், நாளைக்கு நாலு தரம். என்னைக் கூப்பிட மட்டும் மாட்டாள். பழைய பதிலைத் திரும்பப் போடலாமா என்று ஹெலன் கேட்டா. வேண்டாம் என்றேன். அப்படியே ஒரு வருஷம் போனது. நஸீஹாவுக்கு இதை நான் சொல்லவில்லை.

5

யுத்தம் முடிந்து ரோடு திறந்தது என்று எல்லோரும் ஊருக்குப் புறப்பட்ட விடுமுறையில் நாங்களும் போனோம். கொழும்பிலிருந்து வாடகை வானில் வருகிறோம். திறந்த ரோட்டிலும் செக்பொயின்ட் இருந்தது. சிப்பாய் ஒருவர் பைகளைத் திறந்து பார்த்து, மெஷினில் கைவைத்தார். கண்ணாடி, பொத்தான், வயர். அவர் முகம் மாறியது. “மேக்க மொகத்த?” என்று கேட்டார், இது என்ன என்று. அவர் கையில் இருந்த மெஷினை ஸஹ்ரா எட்டித் தொட்டாள்.

“சும்மா கிட!” என்றது மெஷின், உரத்த குரலில்.

எங்கள் ட்ரைவர் கல்முனைக்குடிக்காரர். “ஸ்துதியெண்டு சொல்லுது சேர், சின்னப் புள்ள” என்றார், நன்றி சொல்கிறது என்று, அரைச் சிங்களத்தில். சிப்பாய் சிரித்துவிட்டார். ஸஹ்ராவின் தலையைத் தடவி அனுப்பினார். அரை மைல் தாண்டியதும் ட்ரைவர் சொன்னார், “இத்தின வருஷமா நாங்க மனசுக்குள்ள சொன்னத உங்கட புள்ள மெஷின் போட்டுச் சொல்லிட்டு ராத்தா.”

நஸீஹாவின் புது வீடு வயல் பக்கம். கடல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஸுமையா பாய்ந்து வந்தாள். வளர்ந்து, முன்பல் மாறி, வாயைத் திறந்தபடியே வந்தாள். “பெரியம்மா, ப்ளேன்ல சோறு தந்தாங்களா? ஸஹ்ரா ஏன் என்ன இப்பிடிப் பாக்காள்?”

ஸஹ்ரா அசையாமல் நின்றாள். மெஷினுக்குள் இருக்கும் குரல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. கிட்டப் போய் ஸுமையாவின் உதட்டில் விரலை வைத்து அழுத்தினாள், கட்டத்தை அழுத்துவது போலவே. ஸுமையா கெட்டிக்காரி. “தண்ணி!” என்றாள். ஸஹ்ரா சிரித்தாள். திரும்ப அழுத்தினாள். “போதும்!” பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியடியில் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எங்கட காக்காட மகனும் இப்பிடித்தான், கதைக்கமாட்டான். இஞ்ச இதெல்லாம் ஆர் குடுப்பா?” என்றாள், தன் அண்ணன் மகனைச் சொல்லி. நான் மெஷினை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவளுடைய எரிச்சல் எனக்குத் தெரிந்த எரிச்சல்.

அன்றைக்கே அது நடந்தது. முற்றத்தில் நின்ற ஸுமையா, “உம்மா!” என்று கூப்பிட்டாள். குசினிக்குள் இருந்து நஸீஹா, “என்னடா கிளி?” என்றாள்.

என் பக்கத்தில் இருந்த ஸஹ்ரா எழும்பினாள். ஒரு வருஷமாகத் தேடிய ஆள் குசினிக்குள் இருக்கிறது. நேரே போய் நஸீஹாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் வயிற்றில் புதைத்தாள். நஸீஹாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ட ராசாத்தி, என்ட கிளி” என்று கொஞ்சினாள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். இரண்டு நாள் பொறுத்தேன். ஸஹ்ரா நஸீஹாவின் கையால்தான் சாப்பிட்டாள், அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்கினாள்.

6

அதற்கு அடுத்த நாள் அஸருக்குப் பிறகு பாயில் வைத்து நஸீஹாவிடம் சொல்லிவிட்டேன். பதில் வந்தது, நான் வெட்டியது, பிள்ளை என்னைக் கூப்பிடாமல் விட்டது, எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. “உனக்கு ஒரு நாளைக்கு நூறு தரம் உம்மா கேக்குது. எனக்கு ஒண்டு. அதுக்கும் நீயா பதில் சொல்லணும்?”

ஸஹ்ரா அவள் மடியில் சாய்ந்து கிடந்தாள். நஸீஹா என்னோடு கோபிக்கவில்லை. வாய் நம்மைக் கேட்டா திறக்கிறது என்று, முதலில் எழுதினேனே, அதைத்தான் சொன்னாள். சொன்ன கையோடு மெஷினை எடுத்தாள். ஸஹ்ராவைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, மெஷினை அவள் மடியில் வைத்தாள். என் படம் இருந்த கட்டத்தைக் காட்டினாள். பிறகு முந்தானையை இழுத்துச் சுருட்டி, தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ஸஹ்ரா அவளைப் பார்த்தாள். விரல் மெல்லப் போனது.

“உம்மா.”

நஸீஹாவின் தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸஹ்ரா அவள் கன்னத்தைத் தட்டினாள். திரும்பத் தொட்டாள்.

“உம்மா.”

“என்னடா கிளி?” என்றேன்.

ஸஹ்ரா திரும்பினாள். என் வாயைப் பார்த்தாள், துணி அடைத்த அந்த வாயைப் பார்த்தாள். தவழ்ந்து வந்து என் உதட்டில் விரலை வைத்தாள். மற்றக் கையால் கட்டத்தைத் தொட்டாள்.

“உம்மா.”

“என்னடா கிளி?” அவள் விரலுக்குக் கீழே என் உதடு அசைந்தது. அவள் சிரிக்கவில்லை. கவனமாகத் திரும்பத் தொட்டாள். நான் திரும்பச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்து ஸுமையா கத்தினாள். “உம்மா! தேத்தண்ணிக்குச் சீனி எங்க?”

நஸீஹாவின் உடம்பு துள்ளியது.

“உம்மோவ்! காது கேக்கலயா? கூப்பிடுறன்லியா!”

ஸஹ்ராவின் விரல் கட்டத்தில் இருந்தது. “உம்மா” என்றது மெஷின். குசினியில் இருந்தும் அதே குரல், “உம்மா!” நஸீஹாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையாலும் இன்னொரு பிடி முந்தானையைச் சேர்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.